பாதியை நடச் சொன்ன மிஸ்

"மிஸ் மோசம் போட்டாவாம்" என்று பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை வேலிக்கு மேலால் சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மனோன்மணி மிஸ்ஸின் சாவுக்கு நான் கொடுத்த முதல் மரியாதை, வாய் நிறைய நுரையோடு நின்றதுதான்.

அவருடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் ஒளித்துக்கொண்ட தோட்டக்காரர் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களில் முதல் ஆள் நான். பத்திரிகையில் பகிடி எழுதுவது என் தொழில். நாலு பரப்புக் காணியில் வெங்காயம் வைப்பது என் வியாதி.

ஒரு மார்கழிக் கூட்டத்தில் மிஸ் சொன்னார்: "விதை வெங்காயத்திலை பாதியை நடுங்கோ. மிச்சம் பிடி பிடியாய்க் கட்டி வீட்டுக்குள்ளை தொங்கட்டும். மழை இனி மாதம் பாத்துப் பெய்யாது."

"உலகம் சூடாகிறதுக்கு எங்கடை வெங்காயம் என்ன பாவம் செய்தது, மிஸ்?" என்றேன். சபை சிரித்தது.

"அழிஞ்சா இந்தியாவிலையிருந்து வரும்தானே" என்றார் கந்தையா அண்ணை.

"அந்த வரியம் அங்கையும் அழிஞ்சா? தன்ரை பிள்ளையளுக்குக் குடாமல் உங்களுக்கோ அனுப்புவான்? எல்லா நாட்டிலையும் ஒரேயடியாய் அழிஞ்சா ஆரிட்டை அண்ணை கை நீட்டுவியள்?"

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நானோ அடுத்த கிழமையே அவரைப் 'பாதி மிஸ்' என்று எழுதினேன். பொங்கல் முடிந்த கையோடு, வைத்திருந்த விதை முழுவதையும் நட்டேன். பொங்கலுக்குப் பிறகு பெருமழை இல்லை என்பது எங்களுக்கெல்லாம் அவ்வளவு நிச்சயம்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் வடிந்தபோது தோட்டமெல்லாம் அழுகல் மணம். மிஸ் வந்து நின்றார். ஒளிக்க இடமில்லை, வாங்கிக் கட்டத் தயாரானேன். அவர் பகிடியைப் பற்றிக் கதைக்கவேயில்லை. கூடையை நீட்டினார். உள்ளே ஆறு பிடி விதை வெங்காயம்.

"உங்கடை தோட்டம், மிஸ்?"

"நட்டது அழுகிப்போச்சு, தம்பி. தொங்கவிட்டதிலை கொஞ்சம் உமக்கு."

"இதுவும் போனா?"

வரம்பில் குந்தி, செருப்பில் ஒட்டிய சேற்றைத் தடியால் சுரண்டினார். "வரியத்துக்கு வரியம் விதை குறைஞ்சுகொண்டுதான் வருது. இன்னும் எத்தினை தரம் இப்பிடிச் சமாளிக்கிறது? எனக்குக் களைச்சுப்போச்சு." அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். பிறகு எழும்பி அடுத்த வீட்டுக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்தேன். பகிடிக்காரன் மன்னிப்புக் கேட்டால் அதையும் பகிடி என்பார்கள் என்று தள்ளிப்போட்டேன். நொண்டிச் சாட்டு. இப்போது எழுதுகிறேன், வாசிக்க அவர் இல்லாதபோது.

அந்த ஆறு பிடியும் பிழைத்துப் பெருகின. அவற்றின் வழிவந்த விதைதான் இப்போது எங்கள் குசினிக் கூரை வளையில் தொங்குகிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான். நேற்றுச் செத்தவீட்டால் வந்து முழுகிவிட்டு நிற்கிறேன், சொதிக்கு இரண்டு வெங்காயம் பிடுங்க மனைவி கை நீட்டினாள்.

"அதிலை தொடாதை" என்றேன்.

"கடையிலையும் இல்லையப்பா. இந்தியாவிலையிருந்தும் வரேல்லையாம்."

வெங்காயம் போடாத சொதியைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டோம். வாய்க்கு ருசிக்கவே இல்லை.