தாடையால் கேட்கும் உயிர்

எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்கு நாட்களாக ஒரு டால்பின் படுத்திருந்தது. நீல சார்ட் பேப்பரில், பென்சில் கோடாக, வாலில் ஒரு சாம்பார்த் துளியோடு. என் மனைவி ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பள்ளிக் கண்காட்சிக்கு வரைந்திருந்தாள். வண்ணம் தீட்டுவது என் வேலை.

தீட்டிக்கொண்டே அவள் கையெழுத்தைப் படித்தேன். டால்பின் தூங்கும்போது மூளையில் பாதிதான் தூங்குமாம். மறுபாதி விழித்திருந்து, மூச்சுவிட மேலே போ, மேலே போ என்று நினைவூட்டுமாம். ஒரு கண் திறந்தே இருக்கும். வாய் நிறையப் பல் இருந்தும் மீனை மெல்லாது, தலைப்பக்கமாக அப்படியே விழுங்கும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. அதைக் கூப்பிட வேண்டுமென்றால் மற்றவை அதே சீழ்க்கையை அடிக்கும். பல வருஷம் பிரிந்திருந்தாலும் அந்த ஒலி மறக்காது. காது என்று பார்த்தால் வெறும் ஊசித்துளை. கேட்பதெல்லாம் பெரும்பாலும் கீழ்த்தாடை வழியாக.

கீழ்த்தாடை வழியாக! தூரிகையை வைத்துவிட்டு என் தாடையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இதையெல்லாம் என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. நான் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்துவைப்பதில் இரண்டு வருஷமாக எனக்கு நல்ல தேர்ச்சி. ஞாயிறு ஆராதனையில் பக்கத்து வரிசையின் வாயைப் பார்த்துப் பாடுவேன்; ஆபீசில் எதற்கும் தலையாட்டுவேன். காது மந்தமாகிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நாளைய பாடத்தை அவள் முந்தைய சாயங்காலமே எனக்கு நடத்திப் பார்ப்பாள். நான்தான் அவளுடைய முதல் மாணவன். அது எப்போதோ நின்றுபோயிருந்தது. களைப்பு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

காலையில் இருவரும் ஒரே ரயில்தான். தாம்பரத்தில் நடைமேம்பாலம் இறங்கியதும் அவள் பெண்கள் பெட்டிப் பக்கம் போவாள், நான் கூட்டத்தோடு பொதுப்பெட்டியில் ஏறுவேன். குரோம்பேட்டையில் அவள், கிண்டியில் நான். ஒரு நாள் என் சாப்பாட்டுப் பை அவள் கையிலேயே தங்கிவிட்டது. மத்தியானம் ஆபீசில் தேடியபோதுதான் எனக்கே தெரிந்தது. சாயங்காலம் வீட்டில் பை அலமாரியில் இருந்தது. கேட்டு வாங்க மறந்தது நான்தான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை படிக்கட்டடியில் கொய்யா விற்கும் அம்மா என் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தமான தொண்டை; அவள் பேசுவது எனக்கு எப்போதும் கேட்கும்.

"இன்னா சார், வூட்ல சண்டையா? நேத்து அக்கா தொண்டை கிழிய கூப்ட்டுகினே கீது, நீ பாட்டுக்கு வண்டி ஏறிக்கினே!"

"என்னையா?"

"வேற யாரை? பேரைச் சொல்லியே கூவிச்சு. இப்போ ஸ்டேஷனுக்கே உன் பேரு தெரியும் சார்!" என்று என் பெயரையும் சொல்லிக் காட்டிச் சிரித்தாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். என் பெயரை அவள் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள்: ஆலயத்தில், போதகர் சொல்லச் சொல்ல, திருமண வாக்குறுதியில். அதன்பிறகு எல்லாம் 'ஏங்க'தான். யாரும் தடுக்கவில்லை, அவள் நாக்குக்கு அது பழகவில்லை, அவ்வளவே. இரண்டாம் முறை சொல்லியிருக்கிறாள். நடைமேடை முழுக்கக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கிண்டி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

சாயங்காலம் கேட்டேன். "பேர் சொல்லியா கூப்பிட்ட?"

அவள் என் எதிரே வந்து, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அப்படித்தான் வெகுநாளாகப் பேசிவந்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"முதல்ல ஏங்கன்னுதான் கூப்பிட்டேன். பத்துப் பேர் திரும்பினாங்க. நீங்க திரும்பல. வேற என்ன பண்றது?"

"எனக்குக் கேக்கலைன்னு…"

"எப்பவோ தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அதான் பாடம் நடத்துறத விட்டுட்டியா?"

"சின்ன விஷயத்தையெல்லாம் கத்திச் சொல்ல முடியாதுங்க. கத்தினா அது சின்ன விஷயமாவே இருக்காது. கேஸ் வந்துடுச்சு, தண்ணி வரல, இப்படித்தான் கத்தலாம்."

கத்திக் கத்தி அவள் குரல் கட்டியிருந்தது. பள்ளியில் நாற்பது பிள்ளைகளோடு ஒரு கத்தல். வீட்டில் என் ஒருவனோடு இன்னொன்று.

சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனோம். கவட்டைபோல் இருந்த ஓர் எஃகுத் துண்டைத் தட்டி என் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே காதின் பின்னெலும்பில் ஊன்றினார். ஐயோ, மண்டைக்குள் தேனீக் கூட்டமாக ஒரு ரீங்காரம்! நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன்.

"உள்காது நல்லா இருக்கு சார். சத்தம் உள்ள போற வழியிலதான் தகராறு. எலும்பு வழியா போய்ச் சேருது பாருங்க."

"டால்பின் மாதிரி!" என்று கத்தினாள் என் மனைவி.

டாக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆபரேஷன் இருக்கிறது, அவசரமில்லை, இப்போதைக்குக் காது மிஷின் போதும் என்றார்.

மிஷின் வந்த அன்று மின்விசிறி இவ்வளவு புலம்பும் என்று தெரிந்துகொண்டேன். ஜிஎஸ்டி சாலை நேராகத் தலைக்குள் ஓடியது. என் செருப்பே எனக்கு அந்நியமாய்ச் சப்தித்தது. வெட்கத்தை விட்டு, "இப்ப ஒருதரம் பேர் சொல்லேன்" என்று கெஞ்சினேன்.

"ம்ஹூம். வேணும்னா கொய்யா அம்மாகிட்ட கேட்டுக்கோங்க."

அடுத்த திங்கட்கிழமை அவள் பெண்கள் பெட்டிக்குப் போகவில்லை. என்னோடே ஏறி, கதவோரக் கூட்டத்தில் என் தோளருகே நின்றாள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டும்போது, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் ஆரம்பித்தாள்.

"டால்பின் குட்டி பிறக்கும்போது மூக்குமேல மீசை இருக்கும், தெரியுமா? நாலஞ்சு முடிதான். சீக்கிரமே உதிர்ந்துடும்."

ஒரு சொல் விடாமல் கேட்டது. இன்னும் பேசவைக்க வேண்டும், ஏதாவது கேட்க வேண்டும்.

"நாலா, அஞ்சா?"

"எண்ணியா பாத்தேன்? சும்மா வாங்க" என்று திட்டினாள், குரலை உயர்த்தாமல்.