ஒரு காதுகுத்தும் ஒரு தட்டம்மைக் கணக்கும்

நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். தட்டம்மை எப்படிப் பரவும், எங்கே மறித்தால் நிற்கும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் ஆராய்ச்சி. போன மாசியில் அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் சில பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. அடுத்தது ஆவடிப் பக்கம் கோவில்பதாகை என்றது என் கணக்கு. சனிக்கிழமை தடுப்பூசி முகாமை அங்கே வைக்கச் சுகாதாரத் துறையிடம் சொன்னேன். "காய்ச்சல் ஒரு இடத்துல, ஊசி இன்னொரு இடத்துலயா?" என்று கேட்காதவர் இல்லை. இரண்டு பகுதிக்கும் நடுவே ஜனங்கள் நிஜமாகவே என் கணக்கில் உள்ளபடி போய்வருகிறார்களா என்று பார்க்க, வியாழக்கிழமை காலை முகாம் செவிலியர் விமலாவோடு கிளம்பினேன்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய், கால் மணி நேரம். காலையில் பிதுங்குவது சென்னைக்குப் போகும் ரயில்கள்தான். ஆவடிப் பக்கம் உட்கார இடம் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து கோவில்பதாகைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். (நூற்றைம்பதில் ஆரம்பிப்பார்கள், அசராதீர்கள்.)

ஆட்டோ ஓட்டிய பாபு கோவில்பதாகைக்காரர். விமலா கையிலிருந்த முகாம் நோட்டீஸைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"என் தங்கச்சி ஊடு மேனாம்பேடுலதான் கீது மேடம். ஞாயித்துக்கெயம திருமுல்லைவாயில் கோயில்ல அது பையனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். எங்க தெருவே வருது."

"பையன் நல்லா இருக்கானா?" என்றார் விமலா.

"லேசா காய்ச்சல், சளி. கண்ணு செவந்துகினு கீது. தூசி ஒத்துக்கல போல."

விமலா என்னைப் பார்த்தார். தட்டம்மை இப்படித்தான் ஆரம்பிக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது தொற்றும்.

"உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ஆறு மாசக் கொயந்த."

ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி கிடையாது. சுற்றி இருப்பவர்கள் போட்டிருந்தால்தான் அதற்குக் காப்பு.

"அண்ணா, இது தட்டம்மையா இருந்தா, ஊசி போடாதவங்க பன்னிரண்டு, பதினெட்டு பேருக்குக்கூட ஒருத்தர்கிட்டயிருந்தே தொத்தும். காதுகுத்தைத் தள்ளி வைங்க."

வண்டியை ஓரங்கட்டினார். "பத்திரிக்க குட்த்தாச்சு, சமையலுக்கு ஆளு சொல்லியாச்சு. தங்கச்சி மூஞ்சில எப்டி முயிக்கிறது?"

பிறகு போனை எடுத்து, காதுகுத்தைத் தள்ளி வைக்கலாம் என்று தங்கையிடம் சொன்னார். தங்கை அழுவது பின் சீட்டுக்கே கேட்டது.

"அயாதம்மா. மொதல்ல புள்ளய டாக்டராண்ட காட்டு. மாமன் மடி எங்க போயிடப் போவுது?"

சனிக்கிழமை முகாம் கோவில்பதாகையிலேயே நடந்தது. அன்று காலைதான் அந்தப் பையனுக்கு முகத்தில் தடிப்பு வந்தது. இரண்டு வாரத்தில் தேறிவிட்டான். கோவில்பதாகையில் இரண்டு பிள்ளைகளோடு தட்டம்மை நின்றது. பாபுவின் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

கணக்கு சரியாகத்தான் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அதில் மேனாம்பேட்டிலிருந்து கோவில்பதாகைக்கு நான் போட்டிருந்த ஓர் அம்புக்குறியை அழிக்க, ஓர் அண்ணன் தன் தங்கையை அழவிட வேண்டியிருந்தது.

பிள்ளைகளோடு பயணம் போகிறவர்கள், ஒன்றரை வயதையொட்டிப் போடும் இரண்டாவது தவணை ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கண் சிவந்திருந்தால், டிக்கெட் எடுத்திருந்தாலும் கிளம்பாதீர்கள். டாக்டரிடம் போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள். அங்கே காத்திருக்கும் கூட்டத்திலும் கைக்குழந்தைகள் இருக்கும்.