அன்னபாக்கியம் டீச்சரும் ஒரு பங்குனிக் கூட்டமும்

சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அஞ்சல்காரர் வந்து ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அருமனையிலிருந்து வந்திருந்தது. "அக்காள் அன்னபாக்கியம் திங்கட்கிழமை காலையில் கர்த்தருக்குள் மரித்தார்கள். பத்து நாள் காய்ச்சல். அன்றைக்கே அடக்கம் பண்ணினோம். தங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள்." கீழே அவருடைய தம்பியின் கையெழுத்து. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். கரும்பலகையில் நான் போட்ட கணக்குத் தப்பு என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்ன பிறகுதான், என்னால் அன்று பாடம் நடத்த முடியாது என்று எனக்கே தெரிந்தது.

கொட்டாரத்திலிருந்து அருமனைக்கு அரைநாள் பயணம். அடுத்த விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிவிக்கச் சொல்லும் அளவுக்கு அவர் என்னை நினைவில் வைத்திருந்தார் என்பதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில், எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அரிச்சுவடி படித்த பலர் இன்று பெற்றோர்களாகிவிட்டீர்கள். அவருடைய கரகரத்த குரல் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குரலில் பாட்டு ஏறாது. ஆனாலும் அவர் வகுப்பில்தான் எப்போதும் பாட்டுக் கேட்கும். பாட வருகிற பிள்ளையை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, இவர் மற்ற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். தலைமையாசிரியன் என்ற முறையில் நான் ஒருநாள் ஆட்சேபித்தேன். "எனக்கு வராதத வந்த பிள்ளைகிட்டதானே படிக்கணும் சார்?" என்றார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வருட முடிவு என்று ஒன்று கிடையாது. பரீட்சை முடிந்தால் கதவைப் பூட்டுவோம். "ஒரு வருசம் பிள்ளை எங்க இருந்து என்ன செய்துதுன்னு பெத்தவங்க வந்து பாக்கண்டாமா?" என்று அவர்தான் கேட்டார். கும்பப்பூ அறுவடை ஓய்ந்ததும் பங்குனியில் ஒரு சனிக்கிழமை மாலை முதல் கூட்டம் நடந்தது. சுக்கும் கருப்பட்டியும் போட்ட பானகம் கலக்கி வைத்திருந்தார். பிள்ளைகள் பாடினார்கள்; வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். கடைசியாக ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயின் பெயரைச் சிலேட்டில் எழுதிக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தது. களத்திலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மாள், தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருக்க, சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்க பேரு இம்புட்டு நீளமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். எழுத்து அழிந்துவிடாமல் முந்தானையால் மூடி அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காம் வருடத்துக் கூட்டத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அதை எழுதாமல் அவரைப் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும்.

அந்த வருடம் பள்ளிக்கூட மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. தேர்ச்சிப் பட்டியலைக் கூட்டத்திலேயே வாசிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கூடியிருக்கும்போது வாசித்தால் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு. முதல் நாள் மாலை அன்னபாக்கியம் டீச்சர் என்னிடம் வந்தார்.

"வாசிக்கண்டாம் சார். பேரு வராத பிள்ளை அத்தன பேருக்கு நடுவுல எங்க போயி நிக்கும்? தோத்த பிள்ளைங்க வீட்டுக்கு நான் இன்னைக்கே போயிச் சொல்லிட்டு வாரேன்."

"மேனேஜர்கிட்ட நான் பேசுகேன். நீங்க எந்த வீட்டுக்கும் போகண்டாம்" என்றேன்.

நான் பேசவில்லை. பேசினால் அவர் முகம் கோணும் என்று பயம். மறுநாள் மேனேஜர் காகிதத்தை என் கையில் கொடுத்து, "வாசிங்க சார்" என்றார். வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழுந்தது. இரண்டாம் வகுப்புப் பட்டியல் முடிந்ததும் ஒரு சிறுமி தயங்காமல் என் மேசைக்கு நடந்து வந்தாள். வண்டிக்காரர் இசக்கிமுத்துவின் மகள் செல்லம்மை. கோட்டாற்றுக் கடையில் வாங்கிய புதுப் பாவாடை கட்டியிருந்தாள்.

"சார், எனக்க பேரு விட்டுப்போச்சு" என்றாள்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவளைக் குனிந்து அணைத்து, அப்புறம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ பட்டியலில் பிழை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்ற கவலை. எல்லாருக்கும் கேட்கும்படி, "விட்டுப்போகல்ல மக்கா. நீ கணக்குல தோத்துட்டே" என்றேன்.

அவள் அழவில்லை. திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். இசக்கிமுத்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "வா ஏட்டி. படிச்சது மதி. இனிமே பள்ளிக்கொடம் வேண்டாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தகப்பனும் மகளும் வெளியே போனார்கள். அன்னபாக்கியம் டீச்சர் பானகச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார். வண்டி கிளம்பிவிட்டது. அவர் வண்டியின் பின்கம்பைப் பிடித்தபடி பேசிக்கொண்டே நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மூன்றாம் வகுப்புப் பட்டியலை வாசித்தேன்.

விடுமுறை முழுவதும் அவர் அந்த வீட்டுக்கு நடந்தார். இசக்கிமுத்து மரியாதையாகத்தான் பேசுவாராம். "உங்க பேருல குத்தமில்ல டீச்சரம்மா. ஊரு சிரிச்ச இடத்துக்குப் பொட்டப்பிள்ளைய எப்படித் திரும்ப அனுப்ப?" என்பாராம். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கையில் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க ஒருக்கா வந்து ஒரு வார்த்தை சொன்னா அவரு அனுப்புவாரு சார். வாசிச்சது நீங்கல்லா?" என்றார். வருகிறேன் என்று சொன்னேன். ஒரு வண்டிக்காரர் வீட்டு முற்றத்தில் போய்த் தலைமையாசிரியன் நிற்பதா என்று உள்ளே ஒன்று தடுத்தது. போகவில்லை. செல்லம்மையைக் கயிறு திரிக்க அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பங்குனியில் அன்னபாக்கியம் டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தோற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கூட்டத்தன்று மேனேஜர் பட்டியலைத் தேடினார். "பட்டியல் எனக்க பெட்டியில இருக்கு. நாளைக்குத் தாரேன். இன்னைக்குப் பிள்ளைங்க பாடட்டும்" என்றார் டீச்சர். பிள்ளைகள் பாடினார்கள். நாங்கள் நடத்திய கூட்டங்களிலேயே சிறந்தது அதுதான்.

மறுநாள் மேனேஜர் என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். "என் அனுமதி இல்லாமல் செய்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வரியை வைத்துத்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும் நாளில் விடைபெற வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உள்ளதத்தானே எழுதுனிய சார், வருத்தப்படாதீங்க" என்றார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அதன் பிறகு அருமனையில் தம்பி வீட்டில் தங்கி, ரப்பர் தோட்டக் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய பள்ளியில் கடைசிவரை கற்பித்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

போன ஐப்பசியில் கோட்டாற்றுச் சந்தையில் ஓர் இளம்பெண் என்னை நிறுத்தினாள். இடுப்பில் குழந்தை. செல்லம்மை என்று அவளே சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "டீச்சரம்மா சொகமா இருக்காங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"சொகமா இருக்காங்க" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அப்போதாவது ஒரு பஸ் ஏறியிருக்கலாம்.

அட்டை வந்த மறுநாள் அருமனைக்குப் போனேன். கல்லறையில் மண் இன்னும் இறுகவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதைக் கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவருடைய தம்பி என்னை அன்பாகவே உபசரித்தார். அந்த விளக்கத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது; அக்காள் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். அவர் எழுந்து நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

இந்தப் பங்குனியில் எங்கள் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் தேறவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் குடையை எடுத்துக்கொண்டு ஐந்து வீடுகளுக்கும் நான் போனேன். வயலோரத்தில் ஒரு குடிசை. தகப்பன் தென்னோலை முடைந்துகொண்டிருந்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். உங்கள் மகள் நன்றாகக் கதை சொல்கிறாள் என்று முதலில் சொன்னேன். பிறகு கணக்கைச் சொன்னேன். இன்னும் ஒரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தகப்பன் ஓலையைக் கீழே வைத்தார். "இதச் சொல்லதுக்கா சார் இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் நடந்து வந்திய?"

"ஆமா" என்றேன்.

மகளை வெளியே கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

அன்னபாக்கியம் டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒருநாள் நடை. அது இசக்கிமுத்துவின் முற்றத்துக்குப் போய்ச் சேராத நடை என்பது எனக்குத் தெரியும்.