நான் அவிழ்க்காத கயிறு

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை நடந்த நாட்களில், காயம்பட்ட மாடுகளுக்கும் நாய்களுக்குமாக யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஒரு வைத்தியக் கொட்டில் கட்டினோம். மருந்து கட்டுவது என் வேலை. கூரைக்குப் போட்ட புதுத் தகரம் வெயிலில் மின்னியபோது எனக்கு ஒரே பெருமை.

"உதுக்கு மேலை தென்னங்கிடுகைப் போடுங்கோ தம்பி. ஹெலியிலை வாறவனுக்குத் தூரத்திலேயே தெரியும்" என்றார் பக்கத்து வாழைத்தோட்டத்துப் பரமேஸ் அக்கா.

"நாளைக்குப் போடுவம் அக்கா."

மறுநாள் காலையிலேயே ராணுவ ஹெலிகொப்டர் வந்துவிட்டது. எங்கள் கூரையை ஒருமுறை சுற்றிவிட்டு, இன்னும் தாழ்ந்து திரும்பியது. நான் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தேன். பிறகுதான் மாடுகள் கதறுவது கேட்டது. ஹெலி வந்தால் எங்கள் ஊரில் சனம் மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடும். நானோ கட்டியபடியே விட்டுவிட்டு வந்திருந்தேன். எழும்பப் பார்த்தேன்; ஹெலி மறுபடி தாழவும் குழிக்குள்ளேயே குனிந்துகொண்டேன்.

படபடவென்று மேலிருந்து துப்பாக்கிச் சூடு விழுந்தது. அதற்கிடையில் அக்காவின் குரல்: "போ, போ! தோட்டத்துக்குள்ளை போ!"

எட்டிப் பார்த்தேன். வாழைக்குலை வெட்டும் கத்தியால் அவர் ஒவ்வொரு கயிறாக அறுத்துக்கொண்டிருந்தார்.

ஹெலி போனபின் வெளியே வந்தேன். தகரம் சல்லடையாகியிருந்தது.

"ஒண்டும் சாகேல்லை" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

பின்னேரம், காலில் நான் கட்டுப்போட்ட சிவலைப் பசு நொண்டி நொண்டித் தானாகவே திரும்பி வந்தது. காலையில் கட்டியிருந்த அதே கட்டையடியில் நின்று, கழுத்தை என் பக்கம் நீட்டியது.

கட்ட எடுத்த புதுக் கயிற்றோடு அப்படியே நின்றேன். ஹெலியைவிட, அது என்னை நம்பியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.