மொய்யாக நினைத்துக் கொடுத்த நன்கொடை

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் கீரமங்கலம் பக்கம் எந்தத் தோப்பில் தண்ணீர் பீய்ச்சியடித்தாலும் அது பெரும்பாலும் என் போர்வெல் வண்டி போட்ட துளைதான். அப்படிப்பட்டவன் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் கிள்ளியா கொடுப்பேன்?

என்னோடு இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவர் தேங்காய் மண்டிக்காரர், என் மனைவியின் தம்பி; அவள் செத்துப்போய்விட்டாள். மற்றவர் பூ வியாபாரி. ஒன்றியச் செயலாளரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கட்சியின் சட்டதிட்டம். அதை மேடையில் வாசித்துக் காட்டித்தான் நன்கொடை கேட்டார்கள். பிறகு ஓட்டே நடத்தாமல் மாவட்டத் தலைவர் தன் மருமகனை அறிவித்துவிட்டார். ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்று மூவரும் புதுக்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. வேறு யாருக்குத் துணிச்சல் வரும்?

வாய்தாவுக்கு மூவரும் என் காரில்தான் போவோம். பிள்ளைகள் சிங்கப்பூரில், வீட்டில் நான் ஒருவன். அதனால் வாய்தா என்றாலே எனக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும்.

"மச்சான் கூண்டுல ஏறுனா ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு" என்பார் மண்டிக்காரர்.

"நிக்கட்டுமே மாப்ள. அவருக்கும் கால் மரத்துப்போயிருக்கும்ல."

பூ வியாபாரி சிரித்துப் புரையேறிவிடுவார்.

கூண்டில் ஏறினேன். கட்சித் தரப்பு வக்கீலம்மா மரியாதையாகத்தான் கேட்டார். "ஓட்டு நடத்தணும்ங்கிற விதிய நம்பித்தான் குடுத்தீங்களா ஐயா?"

"விதி என்னம்மா விதி? எங்க பக்கம் மொய் விருந்து வைப்பாங்க. கறிச்சோறு தின்னுட்டு மொய் செய்வோம். நாளைக்கு நாம விருந்து வச்சா செஞ்சதுக்கு மேல கூடச் சேந்து திரும்பி வரும். இதையும் அப்படித்தான் செஞ்சேன்."

"எது திரும்பி வரும்னு நெனச்சீங்க?"

"செயலாளர் பதவிதான். என்னைய விட்டா ஒன்றியத்துல யாரு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் வக்கீல் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். விதியை நம்பி ஏமாந்தோம் என்பதுதான் வழக்காம்; பதவிக்காகக் கொடுத்தேன் என்று நானே சொன்னால் அது நிற்காதாம்.

வாசலில் மண்டிக்காரர் முகம் கொடுக்கவில்லை.

"ஓட்டு வச்சிருந்தா நானும் நிக்கலாம்னுதான் இருந்தேன் மச்சான். என்னைய ஒரு ஆளாவே நீங்க நெனைக்கலைல?"

"மாப்ள, கார்ல ஏறு. பேசிக்குவோம்."

"நீங்க போங்க. நாங்க பஸ்ஸுல வாரோம்."

இருவரும் வழக்கிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆடியில் மண்டிக்காரர் வைத்த மொய் விருந்துக்குப் போனேன். முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், கறியும் குறையில்லாமல் வைத்தார்கள். அவர் மட்டும் என் இலைப்பக்கம் வரவில்லை.

போன வாய்தாவில் வக்கீல், "வாபஸ் வாங்கிருவோமாய்யா? ஒத்தையா எதுக்கு அலையிறீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் வழக்கும் போய்விட்டால் காரை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது?

"அடுத்த வாய்தா என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.