புல்தரைக்காக அறுத்த பயிர்

தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் வருகிற ஒரு சிறிய கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இதுவரை ஏழு முதல்வர்களைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் வேறெங்கோ ஓய்வு பெற்று இங்கே வந்து, ஓரிரு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவர்கள். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் மட்டும் மாறுவதில்லை. அவர் சொன்னதுதான் நடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அவர்களில் கீழ்வேளூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி, ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது சொன்னாள்: “எங்க வயல்ல போர்த்தண்ணி உப்பாயிடுச்சு சார். எந்த நெல்லு தாங்கும்னு நாமளே போட்டுப் பாக்கலாமா?”

அவ்வளவு நேரான கேள்வி எங்கள் துறைக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆய்வகத்துக்குப் பின்னால் கருவேல் மண்டிக் கிடந்த மூன்று சென்ட் இடத்தைக் கேட்டேன். “பின்னாடிதானே சார், பண்ணிக்குங்க” என்றார் முதல்வர். எழுத்தில் வாங்கவில்லை. அது என் தவறு.

ஐப்பசியில் இரண்டு ரகம் நட்டோம். கல்லூரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வந்து பார்த்தார். நடவு வேலையிலேயே வளர்ந்தவர். “இது நடவா சார், கோழி கெளறுன மாதிரில்ல இருக்கு” என்று பாதியைப் பிடுங்கி அவரே திரும்ப நட்டுக் கொடுத்தார். பாதிப் பாத்திக்கு உப்புத் தண்ணீர், பாதிக்கு நல்ல தண்ணீர். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையும் முறை வைத்து வந்து தூர் எண்ணினார்கள், உயரம் அளந்தார்கள். மார்கழியில் பயிர் பூத்தது.

அந்த வாரம்தான் கல்லூரியை ஆய்வு செய்ய வெளியிலிருந்து குழு வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. செயலாளர் முதல்வரோடு வளாகத்தைச் சுற்றி வந்தார். எங்கள் வயலருகே நின்றார்.

“இங்க புல்தரை போட்டுடலாம். மீட்டிங் ஹால் ஜன்னல்லேருந்து பாத்தா பச்சையா இருக்கணும்.”

“இப்பவும் பச்சையாத்தாங்க இருக்கு” என்றேன்.

“இது வயலு சார். காலேஜுன்னா காலேஜு மாதிரி இருக்க வேணாமா?”

ஒரு கதிரை விரலால் தூக்கிப் பார்த்தார். திருவையாற்றுப் பக்கம் அவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் உண்டு. “இப்பதான் பூத்திருக்கு. அறுக்க இன்னும் முப்பது நாளாவும்” என்றார், மிகச் சரியாக. தெரியாதவர் சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். பூத்த பயிர் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் முதல்வரிடம் போனேன். “செயலாளர்ட்டச் சொல்லிப் பாருங்க” என்றார். செயலாளரிடம் போனேன். “முதல்வர் எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்” என்றார். திரும்ப முதல்வரிடம். “அவரு சொன்னதுக்கு மேல நான் எப்படி சார் எழுதறது? எனக்கு மே மாசத்தோட முடியுது.” மூன்று நாள் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி நகலைத் தந்தார்கள். பதில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் போனபோது தோட்டத்து அம்மா அரிவாளோடு நின்றிருந்தார்.

“கதிரு வந்த பயிர அறுக்கச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்?”

“சொன்னேம்மா.”

நம்பாதவர் போலப் பார்த்துவிட்டுக் குனிந்தார். வீணாக்க மனமில்லாமல் மாட்டுக்கென்று இரண்டு கட்டாகக் கட்டி எடுத்துப் போனார். ஒன்பதரைக்கு வந்த பிள்ளைகள் அறுத்து மிஞ்சிய அடித்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அப்ப ரிசல்ட்டுன்னு என்ன சார் எழுதறது?” என்று கீழ்வேளூர்ப் பெண் கேட்டாள்.

குழு வந்த அன்று மீட்டிங் ஹாலில் ஏ.சி. போட்டு ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். புல்தரையை ஒருவரும் பார்க்கவில்லை. மாணவர்கள் கள ஆய்வு செய்கிறார்களா என்று குழுவில் ஒருவர் கேட்டார். முதல்வர் சட்டென்று, “உப்பு தாங்குற நெல்லு பத்தி தாவரவியல்ல ஒரு ஆய்வு நடக்குதுங்க” என்று என்னைக் கை காட்டினார்.

“வயலைப் பார்க்கலாமா?”

“அறுவடை முடிஞ்சிருச்சுங்க” என்றார் செயலாளர். பிறகு என்னைப் பார்த்தார்.

“அறுத்தாச்சுங்க” என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக என் மேலேயே எனக்கு வந்த எரிச்சல், அவர்கள் இருவர் மீதும் வந்ததைவிட அதிகம்.

பிள்ளைகளின் ஆய்வேட்டில் பூக்கும் வரைக்குமான கணக்குகள் இருந்தன. மணி எத்தனை, பதர் எத்தனை என்ற கட்டங்கள் காலி. அதன் கீழே, ‘நிர்வாகத்தின் உத்தரவுப்படி பயிர் அகற்றப்பட்டது’ என்று எழுதச் சொன்னேன். முதல்வர் கூப்பிட்டு, “எதிர்பாராத காரணங்களால்னு மாத்திடுங்க சார், எல்லாருக்கும் நல்லது” என்றார். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வாய்மொழித் தேர்வு என்பதால் அப்படியே போயிற்று. ஐந்து பேரும் தேறினார்கள்.

ஜூனில் சுழற்சி முறை என்று சொல்லித் துறைத்தலைவர் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து, என் அறையிலேயே இருக்கும் இளைய ஆசிரியரிடம் கொடுத்தார்கள். வேறெந்தத் துறையிலும் எதுவும் சுழலவில்லை. அவர் பாவம், உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவும் கூச்சப்பட்டு நின்றார். “உக்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு முதலாண்டு வகுப்புக்குப் போனேன்.