பறநாகம் அடிக்கப் போன இடங்களில்

பறநாகம் அடிக்கிறவனுக்கு நெருப்புக் காயம் ஆறிவிடும், கூப்பிட்டவர்கள் சொன்ன சொல்தான் ஆறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிராகன் என்பதைத்தான் பறநாகம் என்கிறேன். உதவிக்குப் போன இடத்தில் பேச்சு வாங்கித் திரும்பியவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பாலும் முட்டையும்

பண்டத்தரிப்பில் ஒரு வாழைத்தோட்டத்தில் பறநாகம் இறங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா அதை நாகதம்பிரான் சாமி என்று நம்பி, வெள்ளிக்கு வெள்ளி பாலும் முட்டையும் வைத்து வளர்த்திருக்கிறார். அது கொழுத்து, மாட்டுக்கொட்டிலை எரித்த பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது.

இது இரண்டு பேர் செய்கிற வேலை. என் கூட்டாளி செல்லண்ணை நனைத்த சாக்கைப் போர்த்துக்கொண்டு முன்னால் நிற்பார். பறநாகம் மூச்சை நிரப்பி மூக்குத் துளைகளை மூடினால் அடுத்தது நெருப்பு. மூடின கையோடு அவர் வாய்க்காலுக்குள் விழுந்துவிடுவார். ஊதி முடித்தால் அது மறுபடி மூச்சு நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியில் நான் பின்னாலிருந்து ஓடி, இறக்கைச் செட்டைக்கு அடியில், செதில் இல்லாத இடத்தில் ஈட்டியை ஏற்றுவேன். அன்றும் அப்படித்தான் முடித்தோம். அம்மா பாற்செம்போடு நின்று அழுதார்.

“கலைக்கத்தானே கூப்பிட்டனான், ஆர் தம்பியவை உங்களைக் கொல்லச் சொன்னது?”

கேணிப் படி

வேலை முடிந்தால் கொன்ற தீட்டுத் துடக்குக் கழியக் கீரிமலைக் கேணியில் முழுகுவது எங்கள் வழக்கம். ஒருநாள் அண்ணை படி தெரியாமல் கால் வைத்து விழப்பார்த்தார். புகையிலேயே நின்று கண் வெளுத்துப்போயிருந்தது. மூக்கு மூடுவது தெரியாவிட்டால் ஆள் சாம்பல். விட்டுவிடுவோம் அண்ணை என்று கெஞ்சினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

“அது மூக்கை மூடேக்கை டக் எண்டு ஒரு சத்தம் கேக்குமடா. இவ்வளவு காலமும் நான் கண்ணாலை பாத்தனான் எண்டே நினைச்சனீ?”

வெங்காயத் தோட்டம்

புத்தூரில் ஒரு பறநாகம் தோட்டக் கிணற்றைச் சுற்றிப் படுத்துவிட்டது. இறைக்க வழியில்லாமல் வெங்காயம் வாடிக் கிடந்தது. சத்தம் ஒன்றும் கூடாது என்று தோட்டக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மனுசன் நாயைக்கூட வாயைக் கட்டி வைத்தார்.

அண்ணை வாய்க்கால் ஓரம் நின்று கைதட்டினார். பறநாகம் தலையைத் தூக்கி, கிணற்றை விட்டு அவரை நோக்கி நகர்ந்தது. கிணற்றடி வெறுமையானதைக் கண்டதுதான் தாமதம், தோட்டக்காரர் ஓடிப்போய் வாட்டர் பம்பை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். அந்த இரைச்சலில் அண்ணைக்கு எதுவும் கேட்கவில்லை. தலையைச் சரித்துக் காது கொடுத்தபடியே நின்றார். நெருப்பு அவரை அப்படியே மூடியது. நான் ஓடிப்போய்க் குத்தினேன். குத்துச் சரியாகத்தான் விழுந்தது, அண்ணைதான் எழும்பவில்லை. அழுதுகொண்டே தோட்டக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவரும் அழுதார்.

“உங்கடை வேலை முடியுமட்டும் வெங்காயம் பொறுக்குமே, தம்பி?”

அந்தியேட்டி

அண்ணையின் முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிச் சமையலுக்கு அதே தோட்டக்கார மனுசன் ஒரு சாக்கு வெங்காயத்தோடு அண்ணை வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்கைப் பறித்து றோட்டில் எறியப் போனேன். அண்ணையின் மனைவி மலரக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

“எறியாதை தம்பி, என்ரை மனுசன் செத்து விளைஞ்ச வெங்காயம். உள்ளுக்கை கொண்டுவா.”

பறநாகத்துக்கு ஈட்டி இருக்கிறது, பயிர் வாடுதே என்று பதறுகிற மனுசனுக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது?